பதினொன்றால் வகுக்கவும்

"பதினொண்ணால வகுத்துடுங்க வினோதினி. விஷயம் முடிஞ்சுது."

கமிட்டித் தலைவர் டாக்டர் பாலகோவிந்தன் இதைச் சொல்வது அன்று காலையில் நான்காவது முறை. முதல் முறை வினோதினி பொறுமையாகப் பதில் சொன்னாள். இரண்டாம் முறை பலகையில் படம் வரைந்து காட்டினாள். மூன்றாம் முறை ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்தாள். நான்காம் முறைக்குத் தண்ணீரும் தீர்ந்திருந்தது. முள்ளித்துறை உலோக ஆய்வு மையத்தின் கூட்ட அறையில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. கமிட்டி உறுப்பினர்கள் அறிவியலைத் தலைவரிடம் விட்டுவிட்டு முந்திரிப் பருப்பைத் தாங்கள் கவனித்துக்கொண்டார்கள்.

ஒன்பது வருட உழைப்பு. நாற்பது கலவைகளை உருக்கி, ஊற்றி, உடைத்து, குப்பையில் கொட்டி, நாற்பத்தோராவதில் ஓர் உலோகம் பிடிபட்டிருந்தது. அதைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் இந்த மனிதர் ஆறாம் வகுப்புக் கணக்கு சொல்லிக்கொண்டிருக்கிறாரே!

"ஒரு நிமிஷம்" என்று ஒரு குரல் குறுக்கிட்டது. நிர்வாகப் பிரிவிலிருந்து போன வாரம்தான் கமிட்டிக்கு வந்திருந்த ஜெயசுதா. "நான் சயின்ஸ் படிச்சவ இல்லை, கோவிச்சுக்காதீங்க. இந்த உலோகம் என்னதான் செய்யும்?"

பாலகோவிந்தன் கடிகாரத்தைப் பார்த்தார். வினோதினிக்கோ அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"மேடம், அணு உலைக்குள்ள கதிர்வீச்சு எவ்வளவுன்னு பாக்க ஒரு கருவி வேணும். நாம புதுசா கட்டுற மூணாவது உலை உருகின உப்புல ஓடப்போகுது. ஆயிரம் டிகிரி சூடு. எந்தக் கருவியை உள்ள வெச்சாலும் மூணே நாள்ல செத்துப்போகும். அதனால உலோகத்தையே கருவியா பண்ணிட்டோம். கதிர் பட்டா எந்த உலோகத்துக்குள்ளயும் பொடிப் பொடியா காயம் விழும். சூடு ஏறினா அந்தக் காயமெல்லாம் ஆறிடும். இந்த கே-41ல மட்டும் ஆறாது. எத்தனை சூட்டுலயும் மணிக்கு மணி அடுக்கடுக்கா அப்படியே நிக்கும். ரீடர்ல வெச்சா எந்த நாள்ல எந்த மணிக்கு எவ்வளவு பட்டுதுன்னு படிச்சுடலாம்."

"மறக்கவே மறக்காதுன்னு சொல்லுங்க."

"ஆமா மேடம். பட்டறையில இதுக்கு ரோஷக்காரின்னுதான் பேரு."

"அப்ப பதினொண்ணு எங்கிருந்து வந்துது?"

"அதைத்தான் நானும் ஏழு மாசமா கேட்டுட்டிருக்கேன்" என்றாள் வினோதினி. "புதுத் தராசு வாங்கினா எடைக்கல் வெச்சுச் சரிபாக்கணும் இல்லையா? கதிர் உப்பை ஓடவிட்டுச் சோதிக்கற அனல்கூடத்துல குழாய் சுரண்டுற பத்தொன்பது பேர் இருக்காங்க. அவங்க பிடிக்கிற கம்பியில கே-41 துண்டு ஒண்ணு வெச்சோம். அவங்க சட்டையில பேட்ஜ் இருக்கு. அதுவும் கதிரைத்தான் அளக்குது. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட, ஒரே நேரம். ரெண்டும் ஒரே எண்ணைச் சொல்லணும். பேட்ஜ் ஒரு நாளைக்கு ரெண்டு யூனிட்னு சொல்லுது. என் உலோகம் இருபத்திரெண்டுன்னு சொல்லுது. யாரை எடுத்தாலும் பதினொரு மடங்கு."

"பேட்ஜை உலகம் பூரா அம்பது வருஷமா நம்புறாங்க" என்றார் பாலகோவிந்தன். "உங்க ரோஷக்காரி பொறந்து மூணு வருஷம் ஆகுது. கொஞ்சம் மிகைப்படுத்திப் பேசறா. எல்லா நாளும் ஒரே மாதிரி மிகைப்படுத்தறதால பிரச்சினையே இல்லை, வகுத்துட்டுப் போயிடலாம். வெள்ளிக்கிழமை ஒப்புதல். அந்த எண்ணை உலையோட பாதுகாப்புக் கருவியில ஏத்திட்டா நமக்குக் கை கழுவின மாதிரி."

"ஏன்னு தெரியாம வகுக்க முடியாது சார். நாளைக்கு ரோஷக்காரி சொன்னதுதான் நிஜம்னு ஆச்சுன்னா? உலைக்குள்ள பதினொரு மடங்கு ஏறின அப்புறம்தான் சிவப்பு விளக்கு எரியும். அதுவரைக்கும் பச்சை எரியும். எல்லாரும் டீ குடிச்சுட்டிருப்பாங்க."

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஏன்னு கண்டுபிடிங்க. இல்லாட்டி வகுங்க" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். எழும்போது விரலில் இருந்த சாம்பல் நிற மோதிரம் மேசையில் இடித்து ஒலித்தது.

அந்த மோதிரமும் ரோஷக்காரிதான். முள்ளித்துறைப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கலவை முதல் வார்ப்பிலேயே விரிசல் விடாமல் நின்றுவிட்டால், அச்சில் மிஞ்சிய துண்டைக் கடைந்து, வார்ப்பில் கை வைத்த எல்லாருக்கும் ஆளுக்கொரு மோதிரம் போடுவார்கள். கே-41 ஊற்றிய அன்று அனல்கூடத்து ஆட்களும் கை கொடுத்தார்கள். தலைவரும் பழைய உறுப்பினர்களும் ஓரமாக நின்று கைதட்டினார்கள். கைதட்டியதும் கை வைத்த கணக்கில் சேர்ந்துவிட்டது. தங்கத்தைக்கூட வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருகிறவர்கள் அந்த மோதிரத்தைக் கழற்றுவதில்லை.

வினோதினி தன் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு முப்பது வாரத் தாள்களையும் தரையில் பரப்பினாள்.

இந்த ஏழு மாதத்தில் அவள் செய்யாதது எதுவும் இல்லை. உலோகத்தை மறுபடி உருக்கிப் பார்த்தாள். ரீடரைப் பிரித்துத் துடைத்தாள். கணக்கை மூன்று முறை முதலிலிருந்து போட்டாள். பதினொன்று அசையவில்லை. அதுதான் அவளை அதிகம் எரிச்சல்படுத்தியது. தப்பு என்றால் ஒருநாள் ஒன்பதாகவும் ஒருநாள் பதிமூன்றாகவும் தள்ளாட வேண்டாமா? இது என்ன, வேண்டுமென்றே ஒழுக்கமாக நடந்துகொள்ளும் தப்பு?

தள்ளாடிய நாள் ஒன்றே ஒன்று இருந்தது. மார்ச் இருபத்தியேழு. அந்த வரிகள் மீது சிவப்பு மையில் கோடு போட்டு 'கருவிக் கோளாறு, நீக்கவும்' என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்துதான். கமிட்டி நீக்கச் சொன்னது, நீக்கினாள். நீக்கிய வரியை யார் திரும்பப் படிக்கிறார்கள்?

இப்போது படித்தாள். முதல் ஆள்: உலோகம் இருபத்திரெண்டு, பேட்ஜ் இருபத்திரெண்டு. இரண்டாம் ஆள்: இருபத்தொன்று, இருபத்தொன்று. பத்தொன்பது பேருக்கும் இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தன. அவள் காகிதத்தில் போட்ட கணக்கு எதைச் சொன்னதோ அது அப்படியே, ஒரு பிசிறும் இல்லாமல்.

கருவி கெட்டுப்போய் இத்தனை சரியாக நடந்துகொள்ளுமா? பத்தொன்பது கருவிகளும் ஒரே நாளில் கெட்டு, ஒரே நாளில் திருந்துமா? அந்தத் தாளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கி அனல்கூடத்தைப் பார்த்து நடந்தாள்.

அனல்கூடம் மையத்தின் கடற்கரைப் பக்கக் கோடியில் இருந்தது. கூடத்தை ஒட்டி, ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு ஒரு சின்ன அறை. தொழிலாளர்கள் சூட்டைத் தாங்கும் குளிர்சட்டை மாற்றும் இடம் என்பதால் அதற்குச் சட்ட ரூம் என்று பெயர். காலை ஷிப்ட் உள்ளே போய்விட்டிருந்தது. மேஸ்திரி இசக்கியப்பன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து கையுறைகளை ஒவ்வொன்றாக ஊதி, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வினோதினியைப் பார்த்ததும் கையுறையை வாயிலிருந்து எடுத்துக்கொண்டே எழுந்தார்.

"மேடம்! இங்கன எதுக்கு வந்திய? சொல்லிவிட்டா நான் வந்துருப்பேன்லா."

"அண்ணாச்சி, மார்ச் இருபத்தியேழு இங்க என்ன நடந்துச்சு?"

"அன்னைக்கா?" அவர் யோசித்தார். "கமிட்டி பாக்க வருதுன்னு இந்த ரூமுக்கு வெள்ளை அடிச்சாங்க. நீங்களும் வந்தியள்லா. வாசல்ல இளநி வெட்டிக் குடுத்தோம், தொப்பி போட்டு போட்டோ எடுத்தாங்க, போயிட்டாங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

அவர் சொன்ன விதம் சரியில்லை. வினோதினி வெள்ளை அடித்த சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கூடத்தை ஒட்டிய சுவரில் மார்பு உயரத்துக்கு வரிசையாக ஆணிகள் அடித்திருந்தார்கள். ஆணிக்கு ஒரு பேட்ஜ். காலை ஷிப்ட் ஆட்கள் கூடத்துக்குள் இருந்தார்கள், அவர்களுடைய பேட்ஜுகள் இங்கே சட்டை இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

"அண்ணாச்சி" என்றாள். "இதை மாட்டிக்கிட்டுத்தான உள்ள போகணும்?"

இசக்கியப்பன் கையுறையைக் கீழே வைத்தார். மறைக்கிற யோசனை அவர் முகத்தில் வந்து, வேண்டாம் என்று போய்விட்டது.

"மாட்டிக்கிட்டுப் போனா ஏழு நாள்ல பேட்ஜ் நெறஞ்சிரும் மேடம். மூணு மாசத்துக்கு நூத்தம்பதுதான் அளவு. தாண்டுனா ஆறு மாசம் வீட்டுல உக்காருன்னு அனுப்பிருவாங்க. குழாயச் சுரண்டுத வேலை தெனம் ரெண்டு மணி நேரம். ஆளு பத்தொம்பது பேருதான். ஏழு நாளைக்கி மேல யாரு சுரண்டுவா? மேல கேட்டோம். ஆளு கூட்ட முடியாதுன்னுட்டாங்க, வேலையையும் கொறைக்க முடியாதுன்னுட்டாங்க. அப்பம் என்னத்தத்தான் கொறைக்க?"

"வெளிய தொங்கவிட்டா அது ஒண்ணுமே காட்டாதே?"

"ஒண்ணுமே காட்டலன்னா சந்தேகம் வருமில்லா? அதான் கூடத்துச் சுவத்துப் பக்கமா பாத்து அடிச்சோம். சுவத்தத் தாண்டி கொஞ்சமா வரும். ரெண்டு, ரெண்டுன்னு மட்டா நிக்கும்."

வினோதினி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஏழு மாதமாக அவள் அளந்துகொண்டிருந்தது தன் உலோகத்தை அல்ல, இந்தச் சுவரை. கதிரைப் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைத்தது இந்தச் சிமெண்டுச் சுவர். அதை உலோகத்தின் குணம் என்று எழுதி, உலைக்குள் ஏற்றப் போகிறார்கள். அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரம் முந்திக்கொண்டது.

"உங்களுக்கெல்லாம் புத்தி இருக்கா அண்ணாச்சி? எத்தனை வாங்கியிருக்கீங்கன்னு தெரியுமா? ஏழு மாசத்துல மூவாயிரத்துக்கு மேல! ரத்தமே கெட்டுப்போகும். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? என் ஒன்பது வருஷ வேலையைக் கெடுத்து, மூணாவது உலையையே கொளுத்தற மாதிரி ஒரு எண்ணைக் கொடுத்து... நான் ஒருத்தி பைத்தியக்காரி மாதிரி அந்த எண்ணைத் துரத்திட்டு இருக்கேன்!"

இசக்கியப்பன் பதிலுக்குக் கத்தவில்லை.

"மார்ச் மாசம் வெள்ளை அடிச்சப்ப ஆணியெல்லாம் புடுங்கிட்டாங்க. வேற வழியில்லாம அன்னைக்கு ஒரு நாளு எல்லாரும் மாட்டிக்கிட்டுப் போனோம். கூடுதல் ஷிப்ட் பாத்த மூணு பேருக்கு அன்னையோட நூத்தம்பதத் தாண்டிட்டு. அவங்கள வீட்டுக்கு அனுப்பிட்டு வேற மூணு பேரப் போட்டாங்க. அதுல ஸ்டீபன்னு ஒருத்தன், உங்க முத வார்ப்புக்கு அச்சுப் பிடிச்சவன், அவனை இனிமே வரவே வேண்டாம்னுட்டாங்க. இப்பம் எங்கயோ கப்பல் ஒடைக்கப் போயிருக்கானாம். சொல்லியிருந்தா பத்தொம்பது பேரும் அந்தக் கப்பலுக்குத்தான் போயிருக்கணும் மேடம்." அவர் கையுறையை மடித்தார். "அது கெடக்கட்டும். நீங்க உள்ள வந்துருந்தாத்தான் நாங்க சொல்லாமலே தெரிஞ்சிருக்குமே."

"என்ன?"

"ஒரு நாளு வந்துருந்தாப் போதும். ஒருத்தன் சட்டையிலயும் பேட்ஜ் இல்லன்னு வந்த ஒடனே பாத்துருப்பிய."

ஒவ்வொரு வாரத் தாளின் அடியிலும் ஒரு வரி அச்சடித்திருக்கும்: 'அனல்கூடத்தில் நேரில் நின்று சரிபார்த்தேன்.' திங்கட்கிழமை தபால் பையோடும் டீயோடும் அந்தத் தாள் வரும். கையெழுத்துப் போடுவாள். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். முப்பது தாள். இப்போது கையில் கசங்கிக்கொண்டிருந்த தாளிலும் அது இருந்தது.

"ஆணிய எண்ணிப் பாருங்க" என்றார் இசக்கியப்பன்.

எண்ணினாள். இருபது. கடைசி ஆணியில் தொங்கிய பேட்ஜில், நான்கு வருடம் முந்தைய அவளுடைய புகைப்படம் சிரித்துக்கொண்டிருந்தது.

"மேற்பார்வை ஆளுன்னு கேட்ல இருந்து உங்க பேட்ஜும் எங்க பெட்டியோட வந்துரும். அதுல சைபர்னு காட்டுனா உங்க கையெழுத்து பொய்யாப் போயிருமில்லா? அதான் உங்களுக்கும் ஒரு ஆணி அடிச்சோம்." அதில் கிண்டல் இல்லை. செய்த உதவியைச் சொல்லிக்காட்ட வேண்டியிருக்கிறதே என்ற சங்கடம்தான் இருந்தது.

இவர்கள் பேட்ஜ் உள்ளே போகவில்லை, ஆள் போனார்கள். அவள் கையெழுத்து உள்ளே போனது, ஆள் போகவில்லை. இரண்டு பொய்களும் ஒரே சுவரில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. யார் யாரைத் திட்டுவது?

"வெள்ளிக்கிழமைக்குள்ள நான் இந்த எண்ணை மாத்தியாகணும் அண்ணாச்சி" என்றாள்.

"மாத்துனா எங்க எண்ணும் மாறுமில்லா? கம்பியில இருக்குத உங்க ரோஷக்காரி எங்க கணக்கையும் சேத்துத்தான வெச்சிருக்கா? நாளைக்கே பத்தொம்பது பேருக்கும் கேட்ட அடைச்சிருவாங்க."

"மாத்தலைன்னா ஒரு நாள் மூணாவது உலை..."

"தெரியுது மேடம். எங்க வீடும் இங்கனதான் இருக்கு." அவர் பேட்ஜ் வரிசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பதினொண்ணால வகுக்கணும்னா வேலைய வகுங்க. பத்தொம்பது பேரு செய்யுத வேலைக்கி எரநூறு பேரப் போடுங்க. நாங்க பேட்ஜ நெத்தியிலகூட ஒட்டிக்கிடுதோம். எண்ண வகுக்க மட்டும் எல்லாரும் ஓடி வாறாங்க. வேலைய வகுக்கச் சொன்னா ஒரு நாதியில்ல."

அவளால் எந்த உறுதியும் கொடுக்க முடியவில்லை. பொய்யாகக் கொடுக்க வாய் வரவில்லை. "யாரும் ஒண்ணும் எழுதிக் கொடுக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். "பேட்ஜும் மோதிரமும் போட்டுக்கிட்டு ஒரே ஒரு ஆள் உள்ள நின்னா போதும். ரெண்டும் ஒரே எண்ணைச் சொல்லிடும். அந்த ஆளா நான் நிக்கறேன்."

வியாழக்கிழமை காலை ஷிப்டில் நின்றாள். குளிர்சட்டை பதினான்கு கிலோ. போட்ட ஐந்தாம் நிமிடமே முதுகில் வியர்வை வழிந்தது. இருபதாவது ஆணியிலிருந்து பேட்ஜை எடுத்து இசக்கியப்பனே அவள் மார்பில் குத்திவிட்டார். பழைய எண்ணை கேட்டில் அழித்துச் சுத்தமாகக் கொண்டுவந்திருந்தார்கள்.

அவள் உலோகம் எங்கே வேலை செய்கிறதோ அந்த இடத்தை அவள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். மஞ்சள் வெளிச்சம். சுவரோரம் முழுக்கத் தடித்த குழாய்கள். மூட்டுகளில் உறைந்து நிற்கும் உப்பை நீளக் கம்பிகளால் சுரண்டிக்கொண்டே இருந்தார்கள். சுரண்டிய இடத்தில் ஒரு மணி நேரத்தில் மறுபடி உப்பு படிந்தது. யாரும் பேசவில்லை, பேசினால் மூச்சு வாங்கும். கடந்துபோன ஒவ்வொருவரும் அவள் மார்பில் இருந்த பேட்ஜை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் நின்று, தன் கம்பியை அவளிடம் நீட்டினார். அவளும் சுரண்டினாள். கால் மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும்போல வலித்தது. இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது.

வெளியே வந்து சட்டையைக் கழற்றினாள். மோதிரம் விரலைவிட்டு வரவில்லை. சட்ட ரூம் குழாயடியில் இசக்கியப்பன் சோப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். நுரையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. பேட்ஜ் இருபத்திரெண்டு காட்டியது. மோதிரத்தை ரீடரில் வைத்தாள். நீளமான பட்டைத் தாள் ஒன்று வழிந்து வெளியே வந்தது. மூன்று வருடத்துக்கும் வெற்றுத் தாள். கடைசி அங்குலத்தில் ஒரே ஒரு கோடு: இருபத்திரெண்டு.

அவள் சொன்னதுதான் சரி. ஒன்பது வருடமும் சரி. ஆனால் அந்தக் கோட்டைவிட அதற்கு முன்னால் இருந்த வெள்ளைதான் அவள் கண்ணில் அதிக நேரம் நின்றது.

வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் முந்திரிப் பருப்புத் தட்டு மறுபடி வந்திருந்தது. வினோதினி ஆணிகளைப் பற்றிச் சொன்னாள். சுவரைப் பற்றிச் சொன்னாள். பட்டைத் தாளையும் பேட்ஜையும் மேசையில் வைத்தாள். அறிக்கையின் முடிவில் இரண்டே வரிகள் இருந்தன. ஒன்று, கே-41 காட்டும் எண்ணை எதனாலும் வகுக்கக் கூடாது. இரண்டு, அனல்கூடத்து வேலையைப் பதினொரு மடங்கு ஆட்களுக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். இப்போது இருப்பவர்களை வெளியே அனுப்பாமல் கதிர் இல்லாத வேலைக்கு மாற்றி, மருத்துவம் பார்க்க வேண்டும். ஸ்டீபனையும் தேடிக் கூப்பிட வேண்டும்.

பாலகோவிந்தன் படித்தார். முதல் வரிக்குப் பக்கத்தில் சரி என்று குறித்தார். இரண்டாவது வரியை மேலிருந்து கீழாக அடித்தார்.

"நல்ல வேளை, நேரத்துக்குக் கண்டுபிடிச்சீங்க. எண்ணை மாத்திடலாம். ஆனா அந்தப் பத்தொன்பது பேர் பண்ணது மோசடி. பாதுகாப்பு விதியை ஏமாத்தியிருக்காங்க. இன்னைக்கே கேட்டை அடைக்கச் சொல்லிடுங்க."

"அப்ப பட்டியல்ல முதல் பேர் என்னோடதா இருக்கட்டும் சார்" என்றாள் வினோதினி. "இந்தத் தாளைப் பாருங்க. இது என் மோதிரம் சொன்னது. நேத்து ஒரு நாள் தவிர நான் அந்தக் கூடத்துக்குள்ள காலே வெச்சதில்லை. நேரில் நின்னு சரிபார்த்தேன்னு முப்பது தடவை கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒரு தடவை போயிருந்தா முதல் வாரமே இது முடிஞ்சிருக்கும்."

உண்மையை ஒப்புக்கொள்கிற விஞ்ஞானிக்குப் பாலகோவிந்தன் பழகியிருக்கவில்லை.

"அதெல்லாம் நடைமுறை, வினோதினி. எல்லாரும் போடறதுதானே. அதைப் பெரிசு பண்ண வேண்டாம்" என்று பூசி மெழுகினார்.

ஜெயசுதா கோப்பைத் தன் பக்கம் இழுத்து நிதானமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். மார்ச் மாதத் தாளில் விரலை வைத்தார்.

"டாக்டர் வினோதினிக்குக் கீழ இன்னும் ஆறு கையெழுத்து இருக்கே. 'அனல்கூடத்தின் உட்பகுதியைக் கமிட்டியாக நேரில் பார்வையிட்டு, திருப்தி அடைந்தோம்.' மார்ச் இருபத்தியேழு. ஏப்ரல்லயும் இருக்கு. மே, ஜூன், ஜூலைலயும் இருக்கு." அவர் நிமிர்ந்தார். "நான் அப்ப இல்லை, எனக்கு மோதிரமும் கிடையாது. உங்க எல்லாருக்கும் இருக்கு. வினோதினி, ஒரு மோதிரம் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம் மேடம்."

"அப்ப இங்கயே படிச்சுடலாமே. பத்தொன்பது பேரை அனுப்பறதுக்கு முன்னாடி கோப்புல எல்லா ஆதாரமும் இருக்கணும் இல்லையா?"

முந்திரித் தட்டை நோக்கிப் போன ஒரு கை பாதியில் நின்றது. பிறகு அது மேசைக்கு அடியில் போனது. பக்கத்துக் கையும் போனது. ஒவ்வொன்றாக ஐந்து கைகளும் காணாமல் போயின.

பாலகோவிந்தனின் கை மட்டும் அடித்த வரியின் மேல் பேனாவோடு அப்படியே இருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அதை எடுக்கவும் வழியில்லை. அவர் மற்றக் கையால் மோதிரத்தைப் பிடித்துத் திருகினார். இழுத்தார். மூன்று வருடத்தில் விரல் பருத்திருந்தது. அது அசையவில்லை.

"விடுங்க சார், வலிக்கப் போகுது" என்றார் ஜெயசுதா. அழைப்பு மணியை அழுத்தினார். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த உதவியாளரிடம், "ஒரு கிண்ணத்துல கொஞ்சம் சோப்புத் தண்ணி கொண்டு வாங்க" என்றார்.